பூட்ஸ் காலில் விழுந்த ராணி

அச்சில் ஒரு பெண்ணைக் குப்புற விழ வைத்துவிட்டு, அவளை மறுபடி எழுப்புவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. விழ வைக்க ஒரு வரி போதுமாயிருந்தது. எழுப்ப ஐந்து வாரம் ஆயிற்று. நடுவில் ஒரு டிரான்சிஸ்டரைத் திருடினேன், அச்சகத்தில் கை வைத்தேன், இரண்டு நாள் பொய்க் காய்ச்சலில் படுத்தேன். இத்தனைக்கும் நான் அப்போது குழந்தைகளுக்கு நல்லொழுக்கம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்.

யாரோ ஒரு ருஷ்யர் வானத்தில் ஏறி பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாரே, அந்த வருஷம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் எல்லோர் வாயிலும் ராக்கெட். முடிவெட்டும் கடையில் ராக்கெட், பால்காரர் வாயில் ராக்கெட். எங்கள் தெருக்கோடியில் ஓர் அச்சகம் இருந்தது. அதன் முதலாளி கல்யாணப் பத்திரிகை அடித்த நேரம் போக ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினார். ஆசிரியரும் அவரே. "ராக்கெட் கதை யாராவது எழுதிக் குடுங்களேன்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் எழுதவில்லை. நான் எழுதினேன்.

எனக்கு இருபத்து மூன்று வயது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணத்துக்கு இருக்கிற பெண் ராக்கெட் விடுகிறாள் என்று ஊர் சிரிக்கக் கூடாதே என்று ஆம்பிளைப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டேன். அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு ராக்கெட்டும் ஒன்றுதான், ரசமும் ஒன்றுதான். ரசமாவது சாப்பிட உதவும் என்பாள்.

அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அலமாரியில் கப்பல், தீவு, பலூன் என்று பிரெஞ்சு சாகசக் கதைகள் வரிசையாக நிற்கும். அதையெல்லாம் பன்னிரண்டு வயதிலேயே கரைத்துக் குடித்திருந்தேன். எல்லாவற்றிலும் ஒரே விஷயம்தான். வெள்ளைக்காரன் ஒருவன் தீவில் இறங்குவான். ஒரு தீக்குச்சியைக் கிழிப்பான், இல்லையென்றால் இன்றைக்குச் சூரியன் மறையும் பார் என்று மிரட்டுவான். உடனே அங்கே இருக்கிற காட்டுமிராண்டிகள் மொத்தப் பேரும் தொப்பென்று காலில் விழுவார்கள். விழுந்தவர்கள் அப்புறம் எப்போது எழுந்தார்கள், சமைத்தார்களா, முழங்கால் வலித்ததா என்று எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. நானும் கேட்டதில்லை.

ஆகவே என் கதையிலும் ஒரு கேப்டன் ராக்கெட்டில் ஏறிப் போய், செவ்வாய்க்குப் பக்கத்தில் நானே உண்டாக்கிய ஒரு கிரகத்தின் கடற்கரையில் இறங்கினான். தொப்பி, பூட்ஸ், கையில் டார்ச் லைட். அங்கே காட்டுமிராண்டிகள் வேண்டும். அவர்களுக்கு ஒரு ராணி வேண்டும். நான் காட்டையும் பார்த்ததில்லை, ராணியையும் பார்த்ததில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வாசலில், "மீனே...ய்!" என்று ஒரு குரல் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வீராம்பட்டினத்திலிருந்து தினம் தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் மீன்காரம்மா அவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். இரண்டு பக்கமும் மூக்குத்தி. கூடையை இறக்கிவைத்து இடுப்பில் கையை ஊன்றி நின்றால், வாங்குகிற நாம்தான் கைகட்டி நிற்க வேண்டும். அடடா, ராணி நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாளே என்று துள்ளிக் குதித்தேன். அந்த உயரம், மூக்குத்தி, சங்கு மாதிரித் தொண்டை, நீலச் சேலைக் கிழிசல் வைத்து ஓரம் தைத்த கூடை எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக் கதையில் போட்டேன். நாலாவது வாரம் கேப்டன் டார்ச் லைட்டை அமுக்கினான். ராணி அவன் பூட்ஸ் காலில் குப்புற விழுந்தாள்.

ஆசிரியருக்கு ஒரே குஷி. ஓர் ஆசாரியைப் பிடித்து, உள்ளங்கை அளவு சதுர மரக்கட்டையில் அந்தக் காட்சியைச் செதுக்க வைத்தார். வலப்பக்கம் கேப்டன் விறைப்பாக நிற்கிறான், பின்னால் ராக்கெட். இடப்பக்கம் ராணி தரையோடு தரையாகக் கிடக்கிறாள், நீட்டிய இரண்டு கையும் அவன் பூட்ஸைத் தொடுகின்றன. அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் கதைக்குத் தலைப்பாக அந்தப் படம்தான்.

நான் செய்த முட்டாள்தனம் என்னவென்றால், அடித்துத் திருத்தி எழுதிய பழைய தாள்களை அம்மா என்ன செய்கிறாள் என்று பார்க்காமல் விட்டது. அம்மா அதையெல்லாம் சேர்த்துவைத்து மீன்காரம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள், கருவாடு கட்ட.

ஒரு நாள் காலை மீன்காரம்மா வந்தார். கூவவில்லை. கூடையை இறக்கினார், மேலே போட்டிருந்த ஈரச் சாக்கை எடுக்கவில்லை. அம்மா தட்டோடு வந்து நின்றாள்.

"உங்கிட்ட இல்லம்மா. பாப்பாகிட்ட பேசணும்" என்றார்.

நான் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, நீ கத எழுதறியாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சொன்னது?"

"உங்கூட்டுக் காயிதந்தான் சொல்லிச்சு. கரையில வல பின்றப்ப ஒருத்தன் படிச்சுக் காட்டுவான், அஞ்சாவது வரைக்கும் படிச்சவன். கருவாடு கட்டற காயிதத்தப் பிரிச்சுப் படிச்சான். மறுநா மிச்சத்தக் கொண்டான்னான். இங்க டவுன்ல புத்தகம் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எங்க கரைக்குக் கத தெரியும்."

என் முதல் வாசகர்கள் யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெருமைப்படலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்த அடி விழுந்தது.

"காட்டுமிராண்டின்னு எழுதியிருக்க. எழுதிட்டுப் போ, எம் மாமியா அதவிட மோசமா சொல்லியிருக்கா. சங்குத் தொண்டைன்னு எழுதியிருக்க, அது நெசம். ஆனா என்னா எழவுக்கு என்னய வுழ வச்ச?"

"அது நீ இல்ல. அது கதை. ராணி."

மீன்காரம்மா கூடையை என் பக்கம் திருப்பினார். ஓரத்தில் நீலச் சேலைக் கிழிசல். "இது யாரு கூட?"

நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"டார்ச் லைட்டப் பாத்து வுழுந்தேனாம்! எங்கூட்ல டார்ச் லைட்டு ரெண்டு கெடக்குது பாப்பா. பேட்டரிதான் இல்ல. நான் எவன் கால்ல வுழுந்தேன்? புருசங் கால்லயே தாலி கட்டுன அன்னிக்கு வுழுந்ததோட சரி. எங்கூரு தேருக்கு அந்தக் காலத்துல கவர்னர் தொரதான் வந்து, செருப்பக் கழட்டிட்டு, கயித்த மொதல்ல தொடுவாரு. அப்பறந்தான் தேரு நவுரும். இன்னிக்கும் பெரிய அதிகாரி வந்து தொடணும். அவுங்க எங்கூரு அம்மன் முன்னாடி குனியறாங்க. நீ என்னான்னா என்னய பூட்ஸ்ல போட்டு வச்சிருக்க."

அதுவரை கோபமாகத்தான் பேசினார். அதற்கப்புறம் குரல் இறங்கியது. கரையில் மீன் ஏலம் விடும்போது இவர் வாயைத் திறந்தால் போதுமாம், எவனாவது மணலில் படுத்து, "ராணி, எழுந்திரும்மா" என்று கும்பிடு போடுகிறானாம். எல்லோரும் சிரிக்கிறார்கள். இவர் கேட்ட விலை காற்றோடு போகிறது. இவர் ஒரு விலை சொன்னால் மறுபேச்சு இல்லாமல் இருந்த கரை அது. போதாததற்கு டீக்கடைக்காரர் பத்திரிகையை வாங்கி, வாராவாரம் அந்தப் படத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டுகிறார்.

"ஆடித் தேருக்கு என் சம்பந்தி தேவனாம்பட்டனத்துலருந்து வருது. கல்யாணத்துலயே அந்தம்மா என்னய மேலயும் கீழயும் பாத்துச்சு. செவுத்துல நான் படுத்துக் கெடக்கறத மட்டும் பாத்துச்சு, அவ்ளோதான். எம் பொண்ண காலத்துக்கும் குத்திக் காட்டும். ஒங்காத்தா பூட்ஸ்ல வுழுந்தவதானேன்னு கேக்கும். தேருக்குள்ள என்னய எழுப்பி வுட்டுடு பாப்பா."

இந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? நான் எழுத்தாளர் இல்லையா! தலையை நிமிர்த்திக்கொண்டு, "நிஜமாவே அப்படி ஒரு மெஷின் வந்து இறங்கினா நீங்கல்லாம் பயப்படத்தான் செய்வீங்க. அதைத்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.

மீன்காரம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். காலையில் பிடித்ததா, நேற்றுப் பிடித்ததா என்று மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"ஞாயித்துக்கெழம எங்கூருக்கு வா. இருக்கறதுலயே பெரிய மிஷினா ஒண்ணு எடுத்துகினு வா. பாக்கலாம்."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா வெறும் தட்டோடு நின்றாள். "கதை எழுதி வீட்டு மீனைக் கெடுத்தியேடி" என்று அவள் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

மெஷினுக்கு எங்கே போவது? சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். அல்ஜீரியாவிலிருந்து லீவில் வந்திருந்தார். வரும்போது ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ கொண்டுவந்திருந்தார். கம்பி வேண்டாம், கரண்ட் வேண்டாம், கையில் தூக்கிக்கொண்டு நடந்தால் அதுபாட்டுக்குப் பாடும். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அவர் அதை யாரையும் தொட விடமாட்டார், பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோழிக் குழம்பும், 'வேன்' என்று அவர் சொல்லும் பிரெஞ்சு ஒயின் ஒரு கிளாஸும் உள்ளே போன பிறகு சித்தப்பா குறட்டை விட்டார். அவர் தலைமாட்டிலிருந்து ரேடியோவை உருவிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அரியாங்குப்பத்தில் இறங்கி மிச்ச தூரம் நடை. மீன்காரம்மா தினமும் தலையில் சுமையோடு நடக்கிற வழி அது. எனக்கு ஒரு ரேடியோவுக்கே தோள் கழன்றது.

கடற்கரையில் கட்டுமரங்களை மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு முப்பது நாற்பது பேர் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மீன்காரம்மா எழுந்து வந்தார். "கொண்டாந்தியா?" என்றார். நான் பையிலிருந்து ரேடியோவை எடுத்து, ஏரியலை இழுத்து நீட்டி, கேப்டன் மாதிரியே ஒரு காலை முன்னால் வைத்துக் குமிழைத் திருகினேன். கரகரவென்று சத்தம் வந்து, திடீரென்று நாதஸ்வரம் பொங்கியது.

அவ்வளவுதான். வலை பின்னிய அத்தனை பேரும் தொப்பென்று மணலில் விழுந்தார்கள்!

"சாமீ!" என்று ஒரு கிழவர் அலறினார். "எங்களக் காப்பாத்து ஆத்தா!" என்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். குழந்தைகள்கூடக் குப்புறப் படுத்துக்கொண்டன. நாற்பது முதுகு. நடுவில் நான், கையில் பாடும் பெட்டி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமில்லை, வெட்கமில்லை, சந்தோஷம். அடேயப்பா, நான் எழுதியது அப்படியே நடக்கிறதே என்று முகம் தானாக மலர்ந்தது. ஒரு கையைத் தூக்கி, எழுந்திருங்கள் என்று சைகை காட்டப் போனேன் என்றுகூட நினைக்கிறேன்.

அப்போதுதான் பார்த்தேன், ஒருத்தர் மட்டும் விழவில்லை. மீன்காரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் படுத்திருந்த கிழவரின் முதுகு குலுங்கியது. அடுத்த முதுகும் குலுங்கியது. முதலில் யார் சிரித்தார்களோ தெரியாது, மொத்தக் கரையும் உருண்டு உருண்டு சிரித்தது. ஒருவர் மணல் வாய்க்குள் போய் இருமிக்கொண்டே சிரித்தார்.

"மூணு நாளா ஒத்திக பாத்தோம்" என்றார் மீன்காரம்மா. "யாரு வுழுந்தாலும் பரவால்ல, உம் மூஞ்சி எப்படி ஆவுதுன்னு பாக்கணும்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். பாத்துட்டேன்."

எனக்கு அந்த மணலிலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. ரேடியோ என்ன நடக்கிறதென்று தெரியாமல் கல்யாணி வாசித்துக்கொண்டிருந்தது. பிறகு அவர்கள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு நல்லவிதமாகவே விசாரித்தார்கள். பேட்டரி எத்தனை நாள் வரும், நனைந்தால் பாடுமா, சிலோன் கேட்குமா என்றெல்லாம் கேட்டார்கள். வானிலை அறிக்கை வந்தது. மேல்காற்று வீசும் என்றது. "அத்தத்தான் காலையிலயே பாத்துட்டமே" என்றார் கிழவர்.

அதற்குள் கடலில் ஒரு கட்டுமரம் திரும்பி வருவது தெரிந்தது. பேச்சுப் பாதியில் நிற்க, அத்தனை பேரும் தண்ணீரை நோக்கி ஓடினார்கள். மணலில் நானும் ரேடியோவும் மட்டும் மிஞ்சினோம். "ஏம்மா டீச்சரு, அத்தக் கீழ வச்சுட்டு வா, கயித்தப் புடி!" என்று யாரோ கத்தினார்கள். ஓடினேன். அலை இழுக்க, நாங்கள் இழுக்க, உள்ளங்கை எரிந்தது. கரையில் ஏறியதும் மீன்காரம்மா என் கையை விரித்துப் பார்த்து, "தேங்கெண்ண தடவு" என்றார்.

"வரேங்க" என்றேன் புறப்படும்போது. நாலைந்து வருஷமாக அவரை வா போ என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் வாயில் 'ங்க' வந்தது. அவர் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் சித்தப்பா விழித்து ரகளை செய்துகொண்டிருந்தார். அதை விடுங்கள். அன்றைக்கே உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தை எழுதினேன். கேப்டன் புறப்பட நினைக்கிறான், ராக்கெட் மணலில் புதைந்துவிட்டது. எந்தக் குமிழைத் திருகினாலும் நகரவில்லை. அந்தக் கிரகத்துக்காரர்கள் கயிறு கொண்டுவருகிறார்கள். கேப்டன் கெஞ்சுகிறான். ராணி இடுப்பில் கை வைத்து நின்று, "செருப்பைக் கழற்று. கயிற்றைப் பிடி" என்கிறாள். கேப்டன் பூட்ஸைக் கழற்றிவிட்டு முதல் ஆளாகக் கயிற்றைத் தொட்ட பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கிறார்கள்.

அச்சக முதலாளி வாசித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். "காட்டுமிராண்டி கேப்டனுக்கு உத்தரவு போடறதா? சரி, போகட்டும். இழுக்கிற இடம் நல்லா இருக்கு. போடறேன்."

"படத்தை மாத்தணும் சார். ராணி நிக்கிற மாதிரி."

"படமா? ஆசாரி காரைக்காலுக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டான். வந்தாலும் செதுக்க மாட்டான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஜனங்க பத்திரிகையைக் கையில எடுக்கறாங்க. அது மாறக்கூடாது."

தேருக்கு முன்னால் வருகிற கடைசி இதழ் அது. நான் உள்ளே என்ன எழுதினால் என்ன? தேவனாம்பட்டினத்து சம்பந்தியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று மீன்காரம்மா சொல்லியிருந்தார். அந்த அம்மா பார்க்கப்போவது சுவரைத்தான். சுவரில் அதே ராணி அதே பூட்ஸில் இன்னொரு தடவை கிடப்பாள்.

வீட்டுக்கு வந்து பழைய இதழ் ஒன்றை எடுத்து அந்தப் படத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் தாளைத் தள்ளிவிட்டேன். அது பக்கவாட்டில் திரும்பி விழுந்தது. அப்படியே பார்த்தவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இடதுபக்கமாக ஒரு கால்சுற்றுத் திருப்பினால் ராணி எழுந்து நிற்கிறாள்! நீட்டிய கைகள் தலைக்கு மேலே. அந்தக் கைகளில் கேப்டனின் பூட்ஸ். கேப்டன் அந்தரத்தில் குப்புறப் படுத்திருக்கிறான். பார்த்தால், மீன்கூடையைத் தலைக்குத் தூக்குகிற மாதிரி அவனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். ராக்கெட்கூடப் படுத்துவிட்டது. வலதுபக்கம் திருப்பிப் பார்த்தேன். ஐயோ, அது கண்ணராவி. ராணி தலைகீழாகக் கேப்டனின் பூட்ஸ் மேல் தொங்கினாள்.

புதுச்சேரியில் பன்னிரண்டு மணி அடித்தால் கடை கண்ணியெல்லாம் சாத்திவிட்டுத் தூங்கப் போவார்கள். பிரெஞ்சுக்காரன் போனாலும் அவன் பழக்கிய மத்தியானத் தூக்கம் போகவில்லை. அச்சகத்தில் முதலாளி உள்ளறையில் துண்டை விரித்துப் படுத்திருப்பார், முன்கதவு சும்மா சாத்தியிருக்கும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்ததும் நழுவி அச்சகத்துக்குள் புகுந்தேன். பக்கம் கோத்து இரும்புச் சட்டத்தில் இறுக்கி வைத்திருந்தது. மேலே அந்தச் சதுரக் கட்டை. ஓரத்து ஆப்புகளை அவர் எப்படித் தளர்த்துவார் என்று பல தடவை பார்த்திருக்கிறேன். தளர்த்தினேன், கட்டையைத் தூக்கினேன், இடதுபக்கம் திருப்பி வைத்தேன்.

வைத்த பிறகுதான் பொட்டில் அடித்த மாதிரி ஒன்று நினைவுக்கு வந்தது. கட்டையில் எல்லாம் இடம் வலம் மாறியல்லவா இருக்கும்! தாளில் இடதுபக்கம் திருப்பியது கட்டையில் வலதுபக்கம் அல்லவா? மறுபடி தூக்கினேன். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல் எதிர்ப்பக்கமாக முறைத்தது. தலை சுற்றியது. உள்ளறையில் முதலாளி இருமினார். கட்டையை எப்படியோ அமுக்கி, ஆப்பை இறுக்கிவிட்டு, ஓட்டமாக ஓடிவந்துவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் நின்று யோசித்தேன். எந்தப் பக்கம் வைத்தேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை.

புதன்கிழமை பத்திரிகை வந்தது. நான் காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். முதலாளி ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினார். 'உடனே வரவும்' என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார். ராணி எழுந்திருந்தாலும் அவர் அதைத்தான் எழுதியிருப்பார், தலைகீழாகத் தொங்கியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார். கடைசிவரை அவர் என்னை மன்னிக்கவில்லை. பத்திரிகையைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மீன்காரம்மாவைக் கேட்கலாமென்றால், தேர் வாரத்தில் அவர் டவுனுக்கு வருவதில்லை. நான் மட்டும் தப்பாக வைத்திருந்தால்? பூட்ஸில் விழுந்தவள் என்ற பெயர் போய், தலைகீழாக நின்றவள் என்ற பெயர் வரும். அதையும் அந்தப் பெண் தன் மாமியார் வாயால் கேட்க வேண்டும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் நிஜமென்று அம்மா நம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தாங்கமுடியாமல் எழுந்து வீராம்பட்டினத்துக்குப் போனேன். வழியெல்லாம் வண்டி, ஜனம், மேளம். கூட்டத்தில் நசுங்கி டீக்கடையைக் கண்டுபிடித்தேன். சுவரில் வரிசையாகப் படங்கள். ராணி கிடக்கிறாள், கிடக்கிறாள், கிடக்கிறாள், கிடக்கிறாள். கடைசிப் படத்தை மறைத்துக்கொண்டு பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா நின்றிருந்தார். பக்கத்தில் புது மஞ்சள் சேலையில் மீன்காரம்மா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் இளம்பெண், தாயைப் போலவே உயரம். அந்தப் பெண் என்ன ஆகுமோ என்று கண்ணைக்கூடக் கொட்டாமல் மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டுச்சேலை அம்மா கிட்டப் போய்ப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் படம் தெரிந்தது.

ராணி நின்றிருந்தாள். ஜம்மென்று நின்றிருந்தாள். கேப்டன் அவள் கைகளுக்கு மேலே அந்தரத்தில் கிடந்தான்.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவசரத்தில் நான் வைத்த ஒன்று சரியாக விழுந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"இது நீங்கதானா சம்பந்தி?" என்று அந்த அம்மா கேட்டார். குரலில் கேலியைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"நாந்தான்" என்றார் மீன்காரம்மா.

"அவ்ளோ பெரிய ஆம்பளையவா தூக்கிட்டீங்க?"

மீன்காரம்மா படத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "ஒண்ணும் கனமில்ல. தெனம் தூக்கறதுதான்."

மகள் சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் யாரும் படுத்துக் கும்பிடவில்லை.

வெளியே வேட்டுச் சத்தம் கேட்டது. அதிகாரி வந்துவிட்டார் என்று கூட்டம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெறுங்காலோடு சுடுமணலில் நடந்து போய் வடத்தைத் தொட்டார். ஊரே ஓவென்று கத்தியது.

தோளில் ஒரு கை விழுந்தது. மீன்காரம்மா. அதுவரை நான் வந்ததைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளாதவர், என்னைக் கூட்டத்தோடு இழுத்துக்கொண்டு போய் வடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நன்றியாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்து, அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"என்னா பாப்பா வேடிக்க பாத்துகினு நிக்கற? செருப்பக் கழட்டு. கயித்தப் புடி."

நான் எழுதிய வசனம் அது. ஆனாலும் கழற்றினேன்.